ஒரு பொத்தானுக்கு மூன்று வாரமா?

கேள்வி: ஐயா, நான் வணிகவியல் படித்தவள். எட்டு வருஷம் விற்பனைத் துறையில் இருந்துவிட்டு, சென்ற ஆண்டு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிராடக்ட் மேனேஜராகச் சேர்ந்தேன். மளிகைச் சாமான்களை வீட்டுக்கு வரவழைக்கும் செயலி எங்களுடையது. ஆர்டரை ரத்து செய்ய ஒரு பொத்தான் வேண்டும் என்றேன். மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள் எஞ்சினியர்கள். எனக்குக் கோடிங் தெரியாது என்பதால் நாளைக் கூட்டிச் சொல்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. நானும் கோடிங் கற்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: சகோதரி, கோடிங் கற்பதில் யாதொரு நஷ்டமும் இல்லை; ஆயினும் அதைக் கற்றுத் தேறிய பிறகுதான் இந்த உத்தியோகத்துக்கு யோக்கியதை உண்டாகும் என்று தாங்கள் மனம் குமைய வேண்டியதில்லை. எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே, ஒரு சோப்புக் கம்பெனியில் உதித்த பதவி இது. 1931ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் காமே சோப்பின் விளம்பர வேலையைக் கவனித்துவந்த நீல் மெக்கெல்ராய் என்பவர், ஒவ்வொரு சரக்குக்கும் முழுப் பொறுப்பேற்கும் ஆள் வேண்டும் என்றும், அந்த ஆள் விற்பனை மந்தமாயிருக்கும் பிரதேசங்களை ஆராய்ந்து காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்றும் மேலதிகாரிகளுக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். வாங்குகிறவரின் மனத்தை அறிவதே அன்று அப்பதவியின் பிரதான காரியமாக இருந்தது, இன்றும் அதுவே.

இனி, தங்கள் பொத்தானுக்கு வருவோம். மயிலாப்பூரில் ஓர் அம்மாள் அரிசியும் பாலும் இரண்டு கட்டுக் கீரையும் ஆர்டர் செய்து, பத்து நிமிஷம் கழித்து ரத்து செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் செலுத்திய பணம் வங்கி வழியாகத் திரும்ப வேண்டும். கூப்பனைப் பயன்படுத்தியிருந்தால் அது மறுபடி உயிர் பெற வேண்டுமா என்று நிர்ணயிக்க வேண்டும். அரிசியைக் கணக்கில் திரும்பச் சேர்த்துவிடலாம், டெலிவரி பையன் பைக்கில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்ட கீரையை என்ன செய்வது? நெட் மெதுவாக இருப்பதால் அந்த அம்மாள் பொத்தானை இருமுறை அழுத்திவிட்டாலும் பணம் இருமுறை போய்விடக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் பொத்தானை வரைய ஒரு மணி நேரம் போதும். தெரியாத இவ்வளவையும் மனத்தில் வைத்துத்தான் அவர்கள் மூன்று வாரம் என்றார்கள்.

இக்கேள்விகளில் சரிபாதி வியாபாரத்தைச் சேர்ந்தவை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். கீரைக்கு யார் பணம் கொடுப்பது என்பதைக் கம்ப்யூட்டர் சாஸ்திரம் சொல்லாது. தாங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே, “ஏன் இவ்வளவு நாள்?” என்று கேட்பதை விடுத்து, “இதில் எந்தப் பகுதி அதிக நாள் பிடிக்கிறது?” என்று கேளுங்கள். “பை கட்டிய பிறகு வரும் ரத்துதான்” என்று அவர்கள் சொன்னால், பை கட்டுவதற்கு முன் மட்டும் ரத்து செய்யலாம் என்று இப்போதைக்கு விதி வகுத்துவிட்டால் போதுமா என்று யோசிக்கலாம். வேலை பாதியாகக் குறைந்தாலும் குறையும். இந்த யோசனையைக் கோடிங் தெரிந்தவரைக் காட்டிலும், எட்டு வருஷம் வாடிக்கையாளர்களோடு பழகிய தாங்களே நன்றாகச் செய்ய முடியும்.

தேதி விஷயத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், எஞ்சினியர்களை ஒரு வார்த்தை கேளாமல் ஒரு வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டேன். அவர்கள் இரவு பகலாக உழைத்தும் வேலை முடியவில்லை. பதற்றத்தில் நிர்வாகம் மேலும் ஐந்து பேரைக் கொண்டுவந்து சேர்க்க, தாமதம் இன்னும் அதிகமாயிற்று. ஐபிஎம் நிறுவனத்தில் சிஸ்டம் 360 கம்ப்யூட்டருக்கான ஆபரேட்டிங் சிஸ்டம் உருவான பெரும்பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ், இப்படித்தான் ஆகும் என்று 1975இலேயே நூல் எழுதி எச்சரித்திருக்கிறார் என்பதைப் பிறகுதான் படித்தேன். புதிதாக வருகிறவருக்குக் கற்றுக்கொடுக்க, வேலை தெரிந்தவர் வேலையை நிறுத்த வேண்டும். ஐந்து பேருக்குள் பேச்சுத் தொடர்பு பத்து என்றால், பத்துப் பேருக்குள் அது நாற்பத்தைந்து ஆகிவிடுகிறது. அந்தத் தாமதத்தைவிட, அதற்குப் பிறகு நான் சொன்ன எந்தத் தேதியையும் அந்த இளைஞர்கள் நம்பாமல் போனதே எனக்கு அதிக வேதனையாக இருந்தது.

பழைய கோடைச் சீர்ப்படுத்த அவகாசம் வேண்டும் என்று அவர்கள் கேட்கும்போதும் சந்தேகிக்காதீர்கள். அவசரத்தில் எழுதிய கோடைக் கடனுக்கு ஒப்பிட்டு 1992இல் விளக்கினார் வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க எஞ்சினியர். அசலைத் தீர்க்காமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை வணிகவியல் படித்த தங்களுக்கு நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை.

நாளைக் காலையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, அந்தப் பொத்தானைச் செய்யப்போகிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஓர் ஆர்டர் புறப்பட்டது முதல் வாசலில் இறங்குவது வரை போகும் வழியைப் படமாகப் போட்டுக் காட்டும்படி கேளுங்கள். புரியாத சொல் வந்தால் கூச்சப்படாமல் அங்கேயே நிறுத்தி விளக்கம் கேளுங்கள். பையன் கிளம்பிய பிறகு ரத்தானால் அந்தக் கீரையை யார் தலையில் எழுதுவது என்பதற்கு மட்டும் இன்றிரவே ஒரு விடை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.