ஒரு நாளின் வட்டம்

எட்டாம் வகுப்புக் கணக்கில் வட்ட விளக்கப்படம் நடத்தும்போது, ஒரு குடும்பத்தின் மாதச் செலவை எடுத்துக்காட்டாகத் தருவது வழக்கம். அதோடு மாணவர்களின் ஒரு நாளையும் வட்டமாக வரையச் சொல்லிப் பாருங்கள். அவர்களுக்குக் கணக்குப் புரியும். நமக்கு அவர்களின் வாழ்க்கை புரியும்.

செயல்பாடு

முதல் நாள், விழித்தது முதல் உறங்கும் வரை செய்தவற்றை நேரத்துடன் குறித்து வரச் சொல்லுங்கள். மறுநாள் அவற்றைத் தலைப்பு வாரியாகத் தொகுக்க வேண்டும். 24 மணி நேரம் 360°. எனவே 1 மணி நேரம் 15°.

எடுத்துக்காட்டாக, உறக்கம் 9 மணி நேரம் என்றால் 135°, பள்ளி 7 மணி நேரம் 105°, போய்வருதல் 1 மணி நேரம் 15°, வீட்டில் படிப்பு 2 மணி நேரம் 30°, வீட்டு வேலை 2 மணி நேரம் 30°, குளியலும் உணவும் 2 மணி நேரம் 30°, விளையாட்டு 1 மணி நேரம் 15°. கூடுதல் 360° வருகிறதா என மாணவர்களே சரிபார்க்கட்டும். வட்டத்தில் பெயர் எழுத வேண்டாம். எந்தக் குழந்தையின் வீட்டு நிலையும் வகுப்பில் பேச்சாகிவிடக் கூடாது.

கலந்துரையாடல்

பள்ளிக்கான பகுதி எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மற்றவற்றில்தான் வேறுபாடு. சில வட்டங்களில் தண்ணீர் எடுப்பதும் பாத்திரம் துலக்குவதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும் விளையாட்டின் இடத்தைப் பிடித்திருக்கும். பெரும்பாலும் அவை மாணவிகளின் வட்டங்கள். வேறு சிலவற்றில் கைபேசி உறக்கத்தைக் குறைத்திருக்கும்.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு கூறுகிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றது.

உழைப்பைக் குறைக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். ஒரே இரவில் 3 மணி நேரம் படிப்பதைவிட, 3 நாள்களில் நாளுக்கு 1 மணி நேரம் படிப்பது நெடுநாள் நினைவில் நிற்கும். இடைவெளி விட்டுப் படிப்பதன் பயனை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885இலேயே எழுதியுள்ளார்.

நம் பங்கு

ஐந்து பாட ஆசிரியர்கள் தலா அரை மணி நேர வீட்டுப்பாடம் தந்தால் இரண்டரை மணி நேரம், அதாவது 37.5°. ஒவ்வொருவருக்கும் தம் பங்கு சிறிதாகத்தான் தெரியும். எனவே வீட்டுப்பாடத்தை ஆசிரியர்கள் கூடிப் பேசி, நாள் வாரியாகப் பிரித்துத் தரலாம். தேர்வு நெருங்கும்போதும் விளையாட்டுப் பாடவேளையைக் கடன் கேட்காதிருக்கலாம். வீட்டு வேலையை ஆண் பிள்ளைகளும் பகிர வேண்டும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம்.

நாமும் நமக்கொரு வட்டம் வரைவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பாடத் தயாரிப்பையும் சேர்த்தே வாரத்துக்கு 45 மணி நேரம் என ஆசிரியர் பணியை வரையறுக்கிறது. விடைத்தாள் கட்டுகளும் பதிவேடுகளும் நம் உறக்கத்திலிருந்து எத்தனை பாகை எடுக்கின்றன என்று அதில் தெரியும். ஓய்ந்த மனத்தோடு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரிடம் பொறுமை இருக்கும்.

மதிப்பீடு

"உறக்கத்தைக் குறைக்காமல் விளையாட்டுக்கு இன்னும் 15° வேண்டும். எதிலிருந்து எடுப்பாய்?" என்று கேளுங்கள். பலர் வீட்டுப்பாடத்தைக் காட்டினால், அந்த விடையை ஆசிரியர் கூட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.