வீட்டில் மாற்றும் டை ராட் எண்ட், வொர்க்‌ஷாப்பில் வாங்கித் தரும் வேலை

ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு 2 வருடம். முடித்தவர்கள் எல்லோர் கையிலும் ஒரே சர்டிஃபிகேட். கார் சர்வீஸ் சென்டரில் ஒரு காலியிடத்துக்கு அதே சர்டிஃபிகேட்டோடு நிறையப் பேர் வருவார்கள். ‘என்ன வேலை தெரியும்?’ என்று கேட்டால் ஆயில் சேஞ்ச், பிரேக் பேட், ஏர் ஃபில்டர் என்று எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் ஒப்பிப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வேலையை நீங்கள் ஆதாரத்தோடு சொன்னால், ஃப்ளோர் சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்ப்பார்.

அந்த வேலை ஸ்டீரிங் வேலை. புதிதாக வந்தவரிடம் இதை யாரும் சட்டென்று கொடுக்க மாட்டார்கள். ஏசி சரியில்லை என்றால் கஸ்டமர் திட்டுவார், அவ்வளவுதான். ஓடும் காரில் ஸ்டீரிங் ஜாயின்ட் கழன்றால் உயிர் போகும். ஆகவே ஸ்டீரிங்கை நம்பிக் கொடுக்கத் தகுந்த ஆள் என்ற பெயர்தான் வொர்க்‌ஷாப்பில் பெரிய பெயர். அந்தப் பெயரை வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் கழித்துச் சம்பாதிக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரிலேயே ஆரம்பிக்கலாம்.

1. சரியான காரையும் சரியான பார்ட்டையும் தேர்ந்தெடுங்கள்

மாருதி 800, ஆல்டோ, வேகன் ஆர் போன்ற பழைய சிறிய கார் போதும். வாரன்டி முடிந்திருக்க வேண்டும். சொந்தக் காராகவோ, ‘செய்து பார்’ என்று மனதாரச் சொல்லும் உறவினர் காராகவோ இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு இன்னொருவர் காரில் பழகாதீர்கள்.

முதல் வேலை வெளிப்புற டை ராட் எண்ட். ஸ்டீரிங் ரேக்கிலிருந்து வரும் ராடைச் சக்கரத்தின் நக்கிளோடு இணைக்கும் பால் ஜாயின்ட் அது. விலை குறைவு, எளிதில் தேயும், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. டயக்னோசிஸ், பிடித்துக்கொண்ட நட்டைக் கழற்றுவது, டேப்பர் ஃபிட், டார்க், அலைன்மென்ட் என்று ஐந்து ஸ்கில் இந்த ஒரே வேலைக்குள் அடங்கியிருக்கின்றன. ஸ்டீரிங் காலம், ஏர்பேக், ரேக் அசெம்பிளி ஆகியவற்றை வீட்டில் தொடாதீர்கள். எல்லை தெரிந்தவர் என்பதும் உங்கள் தகுதிதான்.

2. ஸ்பேனரை எடுக்கும் முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

பார்ட் மாற்றத் தெரிந்தவர்கள் நிறைய. எந்த பார்ட் போயிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. சம்பள வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

அறிகுறிகளைக் கவனியுங்கள். ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் கார் உடனே திரும்பாமல் நடுவில் ப்ளே இருக்கும். மேடுபள்ளத்தில் முன்பக்கம் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். முன் டயரின் ஓரம் மட்டும் தேயும். கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பும் மறு திசையில் சொரசொரப்பும் தெரியும்.

அடுத்து சோதனை. முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் சந்தேகம் டை ராட் பக்கம். 12, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட். பிறகு காரை இறக்கி, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது ஒருவரை ஸ்டீரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஜாயின்டின் மேல் விரலை வையுங்கள். நல்ல ஜாயின்டில் இரண்டு பாகமும் சேர்ந்தே நகரும். தேய்ந்த ஜாயின்டில் ஒன்று முன்னே போக, மற்றது தாமதித்து வரும். அந்தத் தட்டு விரலில் தெரியும். ரேக்கின் ரப்பர் பூட்டை அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் ரேக் எண்டையும் இதே முறையில் சோதிக்கலாம்.

கண்டதை நோட்டில் எழுதுங்கள்: கம்ப்ளெயின்ட் என்ன, சோதனையில் தெரிந்தது என்ன, காரணம் என்ன, செய்த வேலை என்ன. சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டின் ஒழுங்கு இதுதான்.

3. டூல்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஜாக், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், வீல் ஸ்பேனர், ரிங் மற்றும் ஓப்பன் ஸ்பேனர் செட், நோஸ் பிளையர், வயர் பிரஷ், துரு இளக்கும் ஸ்ப்ரே, சுத்தி, டேப், வெள்ளை பெயின்ட் மார்க்கர். இவற்றோடு இரண்டு டூல் கட்டாயம்: பால் ஜாயின்ட் புல்லர், டார்க் ரெஞ்ச். வாங்க முடியாவிட்டால் தெரிந்த வொர்க்‌ஷாப்பில் ஒரு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். அந்த அறிமுகமே நாளை வேலைக்கு வழியாகலாம். டார்க் அளவை அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து, வேலை தொடங்கும் முன்பே நோட்டில் குறித்துவையுங்கள். ‘கைக்கணக்கு போதும்’ என்பவர்களைப் பின்பற்றாதீர்கள்.

4. பார்ட் வாங்குவதும் ஒரு ஸ்கில்

கம்பெனி ஜெனுயின் பார்ட் வாங்குங்கள், அல்லது கார் கம்பெனிகளுக்கே சப்ளை செய்யும் பிராண்ட் வாங்குங்கள். சென்னையைச் சேர்ந்த ராணே மெட்ராஸ் ஸ்டீரிங் கியரும் டை ராட் எண்டும் தயாரிக்கும் நிறுவனம்; இப்படிப்பட்ட பெயர்களைத் தெரிந்துவைத்திருப்பது இன்டர்வியூவிலும் உதவும். சென்னை புதுப்பேட்டையின் பழைய பார்ட் கடைகளில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். பழைய ஸ்டீரிங் ஜாயின்ட் மட்டும் எங்கேயும் வாங்காதீர்கள்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். நட், ஸ்ப்ளிட் பின் உள்ளே இருக்கிறதா? டஸ்ட் கவரில் வெடிப்பு இல்லையா? காரின் மாடல், வருடம், பவர் ஸ்டீரிங் உண்டா இல்லையா என்று சொல்லி பார்ட் நம்பரை உறுதி செய்யுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

5. பாதுகாப்பில் ஷார்ட்கட் கிடையாது

சமதளத் தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டைச் சற்று இளக்குங்கள். பிறகு ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டை அதற்குரிய இடத்தில் வைத்து, காரை அதன் மேல் இறக்குங்கள். கழற்றிய சக்கரத்தை காரின் ஓரத்துக்கு அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் கார் அதன் மேல்தான் உட்காரும். ஜாக்கை மட்டும் நம்பி காரின் அடியில் தலையை நீட்டாதீர்கள். சேஃப்டி பழக்கம் இல்லாதவரை நல்ல வொர்க்‌ஷாப் டிரையல் நாளிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடும்.

6. கழற்றுவதில் நிதானம்

முதலில் த்ரெட்டை வயர் பிரஷால் சுத்தம் செய்து ஸ்ப்ரே அடித்து ஊற விடுங்கள். லாக் நட் இருக்கும் இடத்தில் பெயின்ட் மார்க் போடுங்கள். லாக் நட்டின் முகத்திலிருந்து பால் ஜாயின்ட் ஸ்டட்டின் நடு வரை அளந்து எழுதுங்கள். இந்த அளவுதான் பிறகு உங்களைக் காப்பாற்றும்.

ராடை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் இளக்குங்கள். பிடிக்காமல் திருப்பினால் ராடும் சுழன்று ரேக் பூட் முறுக்கிக்கொள்ளும். அடுத்து ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி இழுங்கள். காசல் நட்டை முழுதாகக் கழற்றாமல், ஸ்டட்டின் நுனி வரை கொண்டுவந்து விடுங்கள். த்ரெட் நசுங்காமல் இருக்கும். ஜாயின்ட் திடீரென்று விடுபட்டாலும் விழாது.

இப்போது புல்லர். அதை மாட்டி இறுக்கிக்கொண்டே போங்கள். விடவில்லை என்றால், ஸ்டட் நுழைந்திருக்கும் நக்கிள் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியால் இரண்டு தட்டு தட்டுங்கள். டேப்பர் பிடி விட்டுவிடும். ஸ்டட்டின் தலையில் நேராக அடிப்பது தவறு. முள்கரண்டி வடிவ டூலை அடித்து இறக்கினால் டஸ்ட் கவர் கிழியும்; தூக்கிப் போடப்போகும் பார்ட்டுக்கு மட்டும் அது சரி. நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுழன்றால், ஜாயின்டை நக்கிள் பக்கமாக அழுத்திப் பிடியுங்கள். டேப்பர் மறுபடி கவ்வும்.

ஜாயின்டை ராடிலிருந்து திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி, அதையும் எழுதுங்கள்.

7. மாட்டுவதில்தான் உங்கள் தரம் தெரியும்

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நீளம், த்ரெட், டேப்பர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். புதியதை அதே எண்ணிக்கை சுற்றுக்குத் திருகிவிட்டு, எழுதிவைத்த அளவோடு சரிபாருங்கள். இரண்டும் முரண்பட்டால் அளவை நம்புங்கள்.

ஸ்டட்டின் டேப்பரும் நக்கிள் ஓட்டையும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். அங்கே கிரீஸ் கூடாது. உலோகம் உலோகத்தைக் கவ்வுவதுதான் அந்த இணைப்பின் பலம். நட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்கள். ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேராக வரவில்லையா? அடுத்த பள்ளம் வரும் வரை இன்னும் சற்று இறுக்குங்கள். பின் நுழைவதற்காக நட்டைப் பின்னால் இளக்குவது பெரிய தப்பு. பழைய ஸ்ப்ளிட் பின்னையும் பழைய நைலாக் நட்டையும் மறுபடி போடாதீர்கள். சில ரூபாய் பொருளில் மிச்சம் பிடிப்பவரிடம் யாரும் ஸ்டீரிங்கை ஒப்படைக்க மாட்டார்கள்.

கடைசியாக லாக் நட். பிறகு சக்கரம்; வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். ரேக் பூட் முறுக்காமல் இருக்கிறதா, பிரேக் ஹோஸ் எங்கும் உரசவில்லையா என்று ஸ்டீரிங்கை இரு முனைகளுக்கும் திருப்பிப் பாருங்கள்.

8. அலைன்மென்ட் இல்லாமல் வேலை முடியாது

சுற்றை எண்ணி மாட்டியதால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். த்ரெட் பிட்ச் 1.5 மில்லிமீட்டர் என்றால், அரைச் சுற்று வித்தியாசம் ராட் நீளத்தை 0.75 மில்லிமீட்டர் மாற்றும். நக்கிளின் ஆர்ம் சின்னது, டயர் பெரியது. ஆகவே டயர் ஓரத்தில் அந்த வித்தியாசம் பெருகித் தெரியும். டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, தவறினால் புது டயரும் சீக்கிரம் மொட்டையாகும்.

முதலில் ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, பிரேக் பிடித்து, சத்தம் கேட்டுப் பாருங்கள். அங்கிருந்து நேராக வீல் அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். ‘பிஃபோர், ஆஃப்டர்’ ரீடிங் இரண்டையும் பிரின்ட் கேட்டு வாங்குங்கள். டோ என்றால் என்ன, கேம்பர் என்றால் என்ன, எது அட்ஜஸ்ட் ஆகும், எது ஆகாது என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

9. அடுத்த லெவலுக்குத் தயாராகுங்கள்

இதில் கை படிந்த பிறகு ரேக் எண்ட். அதற்குத் தனி டூல் வேண்டும். பூட் கிளாம்ப்பை விடுவித்து, லாக் வாஷரின் மடிப்பை நிமிர்த்தி, ரேக் திரும்பிவிடாமல் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். முதல் முறை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். எலெக்ட்ரிக் பவர் ஸ்டீரிங், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் உள்ள கார்களில் ஸ்டீரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனரால் மறுபடி செட் செய்ய நேரலாம், அதையும் படித்துவையுங்கள்.

இந்த ஸ்கில்லுக்கு ஆயுள் அதிகம். எலெக்ட்ரிக் காரில் இன்ஜின் ஆயில் கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. டை ராட் எண்டும் பால் ஜாயின்டும் அதிலும் உண்டு. பேட்டரி எடையால் அந்தக் கார்கள் கனமானவை. அந்தப் பாரம் முழுக்க டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும்தான். ஆயில் சேஞ்ச் மட்டும் தெரிந்தவரின் வேலை சுருங்கும். ஸ்டீரிங், சஸ்பென்ஷன் தெரிந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

10. ஆதாரத்தை ஃபைலாக்கி டேபிளில் வையுங்கள்

வேலை செய்தால் மட்டும் போதாது. செய்தது வெளியே தெரிய வேண்டும். பழைய ஜாயின்ட் ஆடும் சின்ன வீடியோ, கழற்றும் முன் எடுத்த அளவு, புது ஸ்ப்ளிட் பின் மடித்திருக்கும் க்ளோஸ்-அப், பார்ட் பில், அலைன்மென்ட் பிரின்ட். இவற்றை வரிசையாக ஒரே ஃபோல்டரில் போடுங்கள். தேய்ந்த ஜாயின்டைத் துடைத்து ஒரு கவரில் எடுத்துப் போங்கள். டிரேட் டெஸ்டில் அதை மேசையில் வைத்து, ‘இந்தக் காரில் இந்தக் கம்ப்ளெயின்ட், இப்படிச் சோதித்தேன், இது காரணம், மாற்றிய பிறகு ரீடிங் இது’ என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லுங்கள். கதை வேண்டாம், பெருமை வேண்டாம். ‘டார்க் எவ்வளவு?’ என்று கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள். ‘ரேக் மாற்றுவாயா?’ என்று கேட்டால், ‘இன்னும் தனியாகச் செய்ததில்லை சார், சீனியரோடு செய்யத் தயார்’ என்று நேராகச் சொல்லுங்கள்.

சம்பளப் பேச்சையும் அங்கேயே ஆரம்பியுங்கள். ‘ஹெல்ப்பர்’ என்று ஆஃபர் வந்தால், ஸ்டீரிங், சஸ்பென்ஷன் வேலைக்கு எத்தனை மாதத்தில் டெக்னீஷியனாக எடுப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலை ஆஃபர் லெட்டரில் எழுதித் தர முடியுமா என்றும் கேளுங்கள். உங்களுக்கு அடுத்து நிற்பவரிடமும் அதே சர்டிஃபிகேட் இருக்கிறது. இந்த ஃபோல்டர் இல்லை. பேரத்தில் உங்கள் பலம் அதுதான், தயங்காமல் பயன்படுத்துங்கள்.