ரியோவில் கையெழுத்து, அண்ணனூரில் பதிவேடு

பன்னாட்டு ஒப்பந்தங்களைப் பாடமாக நடத்தும்போது, பெரும்பாலும் ஆண்டும் நகரத்தின் பெயரும் மட்டுமே மாணவர் மனத்தில் தங்குகின்றன. இத்தனை நாடுகள் எதற்காகக் கூடின, அங்கே எடுத்த முடிவு நம் தெருவரை எப்படி வருகிறது என்பவை விடுபட்டுவிடுகின்றன. அந்த இடைவெளியை நிரப்ப, பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றி ஒன்பதாம் வகுப்பில் மூன்று பாடவேளைகளில் நான் நடத்திய பாடத்தை இங்கே பகிர்கிறேன்.

முதல் பாடவேளை: மூன்று ஆண்டுகள்

கரும்பலகையில் 1992, 2010, 2022 என்று எழுதினேன். 1992-இல் ரியோ டி ஜெனீரோவில் பல்லுயிர் ஒப்பந்தம் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. உயிரினங்களைப் பாதுகாத்தல், அழியாமல் பயன்படுத்துதல், கிடைக்கும் பயனை நியாயமாகப் பகிர்தல் ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். இந்தியா 1994-இல் இதை ஏற்று உறுதி செய்தது. 2010-இல் ஜப்பானின் நகோயா நகரில் 20 இலக்குகள் வகுக்கப்பட்டன. அவை ‘ஐச்சி இலக்குகள்’ எனப்பட்டன. கெடு 2020. அந்த ஆண்டு வெளியான ஐ.நா. மதிப்பீட்டின்படி, உலக அளவில் ஓர் இலக்குகூட முழுமையாக எட்டப்படவில்லை.

“எல்லா நாடும் ஒத்துக்கிட்டும் ஏன் சார் நடக்கல?” என்று ஒரு மாணவர் கேட்டார். விடையை நான் சொல்லவில்லை; குழுவாகப் பேசச் சொன்னேன். “யார் எவ்வளவு செய்யணும்னு பிரிச்சுக் கொடுக்கல” என்றது ஒரு குழு. உண்மையும் அதற்கு அருகில்தான் இருக்கிறது. பல நாடுகளின் தேசியத் திட்டங்களைக் கூட்டிப் பார்த்தாலும் அவை உலக இலக்கின் அளவுக்கு வரவில்லை.

2022 டிசம்பரில் மான்ட்ரியலில் 23 புதிய இலக்குகள் ஏற்கப்பட்டன. 2030-க்குள் நிலப்பரப்பிலும் கடற்பரப்பிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்பது அவற்றுள் ஒன்று. இம்முறை நாடுகள் தம் தேசியத் திட்டத்தைத் திருத்தி, பொதுவான அளவுகோல்களின்படி அறிக்கை தர வேண்டும். இந்தியா 2024-இல் தன் திட்டத்தை அளித்தது.

இரண்டாம் பாடவேளை: ரியோவிலிருந்து ஆவடிக்கு

ஒப்பந்தத்தை நிறைவேற்ற, நம் நாட்டில் 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் இயற்றப்பட்டது. 2003-இல் அமைந்த தேசிய பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது. மாநிலத்தில் பல்லுயிர் வாரியம். ஒவ்வோர் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு. அக்குழுவின் கையில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. ரியோவில் தொடங்கும் இந்தச் சங்கிலி அண்ணனூர் அடங்கிய ஆவடி மாநகராட்சி வரை வருகிறது என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

எழுத்தில் உள்ள பதிவு என்ன செய்யும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். சுமார் 250 வகைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு வாழும் அந்த மலைப்பகுதி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கிய பரப்பு 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர்மக்கள் போராடினர், சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கு என்னென்ன உயிர்கள் உள்ளன என்பது முன்பே அரசிதழில் இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிப் பேச மக்களால் முடிந்தது.

மூன்றாம் பாடவேளை: நம் பதிவேடு

ஒரு நீள நோட்டில் ஐந்து கட்டங்கள் போட்டோம்: வீட்டில் சொல்லும் பெயர், பார்த்த இடம், பார்த்த நாள், பயன், முன்பு இருந்த நிலை. கடைசிக் கட்டத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். பிரண்டை, கீழாநெல்லி, மீன்கொத்தி, மடையான் எனப் பக்கங்கள் நிறைந்தன. குப்பைமேனியைத் தன் பாட்டி பூனைவணங்கி என்பார் என்று ஒரு மாணவி எழுதினார். காலி மனைகளில் மழைநீர் தேங்கிய காலத்தில் தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது என்று பலர் வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். இப்போது அந்தச் சத்தம் எங்கே என்ற கேள்வியை மாணவர்களே எழுப்பினார்கள். அடுத்த மழைக்குத் தவளைகளையும் பதிவு செய்வதென்று முடிவு செய்தோம்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

எதையும் பிடிக்கவோ பறிக்கவோ வேண்டாம். பார்த்து எழுதினால் போதும். ஏரி, குளக்கரைக்குப் பெரியவர் துணையின்றி மாணவரை அனுப்ப வேண்டாம். பெயர் தெரியாததைப் படமாக வரைந்து வைக்கலாம். மருந்து முறை சொல்பவர் அதை வெளியிட வேண்டாம் என்றால் எழுதக் கூடாது. பயனை நியாயமாகப் பகிர்தல் என்னும் மூன்றாவது நோக்கத்தை விளக்க அதுவே நல்ல வாய்ப்பு. தொடக்க வகுப்புகளில் பள்ளி வளாகத்தில் உள்ள பத்து உயிர்களோடு தொடங்கலாம். மே 22 உலகப் பல்லுயிர் நாள் கோடை விடுமுறையில் வருவதால், அதற்கு முன்பே சுற்றுச்சூழல் மன்றத்தின் வழியாகப் பதிவேட்டின் நகலை உள்ளாட்சியின் மேலாண்மைக் குழுவிடம் ஒப்படைக்கலாம்.

இன்று ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் 2030-இல் வாக்குரிமை பெறும் வயதில் இருப்பார்கள். நாடுகள் தந்த வாக்குறுதி நிறைவேறியதா என்று அன்று அவர்கள் கேட்க, தம் ஊரைப் பற்றிய ஒரு கணக்கு கையில் இருக்க வேண்டும். அதை எழுதத் தொடங்கும் இடம் நம் வகுப்பறைதான்.