கை நழுவினாலும் கீழே விழாத ஸ்பானர்

இந்த மாத அறிவியல் பக்கத்துக்கு "ஏதாவது ஒரு கருவியைப் பற்றி எழுது" என்று டீச்சர் சொன்னார்கள். ராக்கெட், கம்ப்யூட்டர் பற்றியெல்லாம் போன மாதமே எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது ஒரு சின்னக் கொக்கியைப் பற்றி. சிரிக்காதீர்கள், முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என்ன நடந்தது?

எங்கள் அப்பா ஷெட் வேலை செய்கிறார். ஓசூர் சிப்காட், ஜூஜூவாடி, எல்லை தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று கம்பெனி ஷெட் எங்கே கட்டினாலும் போவார். மேலே ஏறி இரும்புச் சட்டத்தில் போல்ட் முடுக்கி, ஷீட் அடிப்பதுதான் வேலை.

போன வருடம் பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் அப்பா சாப்பிடாமல் வந்து படுத்துவிட்டார். அம்மா எவ்வளவு கேட்டும் பேசவில்லை. மறுநாள்தான் சொன்னார். முப்பது அடி உயரத்தில் வேலை செய்யும்போது பேண்ட் பாக்கெட்டில் செருகியிருந்த ரிங் ஸ்பானர் நழுவி விழுந்துவிட்டது. "கீழ பாரு, தள்ளு!" என்று கத்தியிருக்கிறார். கீழே நின்றவர் ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் அண்ணன். அவருக்குத் தமிழ் தெரியாது. சத்தம் கேட்டதும் நகராமல், யார் கூப்பிடுகிறார்கள் என்று மேலே பார்த்திருக்கிறார். ஸ்பானர் அவர் தோளில் விழுந்து காறை எலும்பு விரிந்துவிட்டது. தலையில் ஹெல்மெட் இருந்தது. ஆனால் அடி விழுந்தது தோளில்.

"ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தா மூஞ்சிலதான் கண்ணு பட்டிருக்கும்" என்றார் அப்பா. அந்த அண்ணன் இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

ஸ்பானரை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 400 கிராம். கத்தரிக்காய் அரைக் கிலோகூட இல்லை. இது எப்படி எலும்பை உடைக்கும்?

நம் அறிவியல் புத்தகத்தில் இயக்கச் சமன்பாடுகள் இருக்கின்றன அல்லவா? கீழே விழும் பொருளுக்கு, வேகத்தின் வர்க்கம் = 2 × புவிஈர்ப்பு முடுக்கம் × உயரம். முப்பது அடி என்றால் சுமார் 9 மீட்டர்.

2 × 9.8 × 9 = 176.4. இதன் வர்க்கமூலம் சுமார் 13.3.

அதாவது தரையைத் தொடும்போது ஸ்பானரின் வேகம் வினாடிக்கு 13.3 மீட்டர். மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர்! டவுன் பஸ் வேகத்தில் ஒரு இரும்பு வந்து மோதுகிறது. ஆற்றல் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ எடைக்கல் 12 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்.

விழ ஆகும் நேரம் 13.3 ÷ 9.8 = சுமார் 1.36 வினாடி. இதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

நம் ஊர்ப் பக்கம் ஒரே ஷெட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஹிந்தி, ஒடியா எல்லாம் பேசுவார்கள். மேலே இருப்பவர் ஒரு பாஷையில் கத்த, கீழே இருப்பவர் இன்னொரு பாஷையில் யோசிக்க, அதற்குள் 1.36 வினாடி முடிந்துவிடும். நம்பாவிட்டால் கேளுங்கள். நம் வகுப்பில் வீட்டில் ஹிந்தி பேசும் தோழி ஒருத்தி இருக்கிறாள். விளையாட்டு பீரியடில் அவளை எங்கள் பின்னால் நின்று திடீரென்று "ஹட்டோ!" (தள்ளு) என்று கத்தச் சொன்னேன். ஆறு பேர் நின்றோம். ஒருவரும் நகரவில்லை. ஆறு பேரும் திரும்பி அவளைத்தான் பார்த்தோம். அந்த அண்ணன் செய்த அதே தப்பு. ஆனால் அது தப்பே இல்லை, மனிதர் எல்லோரும் அப்படித்தான்.

ஆகவே கத்துவதை நம்பக்கூடாது. ஸ்பானர் விழாமலே இருக்க வேண்டும்.

கயிறு போதாதா?

அப்பாவும் அடுத்த வாரமே சணல் கயிற்றில் ஸ்பானரை இடுப்பு பெல்ட்டோடு கட்டிக்கொண்டார். ஆனால் ஒரு நாளில் பத்து தடவை ஸ்பானர் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் முடிச்சு அவிழ்த்து, முடிச்சுப் போட்டு... மதியத்துக்குமேல் வெயிலில் யார் செய்வார்கள்? "அப்புறம் கட்டிக்கலாம்னு விட்ருவோம் கண்ணு" என்று அப்பாவே ஒத்துக்கொண்டார்.

மனிதருக்கு மறதி உண்டு. அதனால் சுலபமாகத் திறந்து, கையை எடுத்ததும் தானாகவே மூடிக்கொள்ளும் ஒன்று வேண்டும். அதுதான் ஸ்பிரிங் கதவு வைத்த கொக்கி.

இந்தக் கொக்கி நமக்குப் புதிதல்ல

பெண் பிள்ளைகள் எல்லோரும் தாவணியில், துப்பட்டாவில் குத்தியிருக்கும் ஊக்கைக் கொஞ்சம் கழற்றிப் பாருங்கள். ஒரே கம்பி. ஒரு முனையில் ஒரு சுருள், அதுதான் ஸ்பிரிங். மறு முனையில் ஒரு தொப்பி. அழுத்தினால் திறக்கும், விட்டால் தொப்பிக்குள் போய் உட்காரும். இதற்கு 1849-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் காப்புரிமை வாங்கினார். அதை வெறும் 400 டாலருக்கு விற்றும்விட்டார்!

நாய்ச் சங்கிலி, சாவிக்கொத்து, ஸ்கூல் பேக் இவற்றில் உள்ள கொக்கிகளும் இதே குடும்பம்தான். பெரிய அண்ணன் 'காரபினர்' என்ற வளையம். ஐரோப்பாவில் குதிரைப்படை வீரர்கள் 'கார்பைன்' என்னும் குட்டைத் துப்பாக்கியைத் தோள்வாரில் மாட்டிக்கொள்ள வைத்திருந்த கொக்கியின் பெயரிலிருந்து வந்தது இது. 1910-ஐ ஒட்டி ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஹெர்சோக் என்பவர் இதை மலை ஏறுவதற்குப் பயன்படுத்தினார். இன்று உயரத்தில் வேலை செய்பவர்கள் பலரும் மாட்டுவது இதைத்தான்.

நான் செய்த கொக்கி

எங்கள் தெருவில் லேத் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் கேட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார் முதலில். விஷயத்தைச் சொன்னதும் வைஸ் முன்னால் முக்காலி போட்டுக் கொடுத்தார்.

உடம்பு: 6 மி.மீ. இரும்புக் கம்பி. கட்டடத்தில் மிச்சமானது. நீள்வட்டமாக வளைத்து, ஒரு பக்கம் இரண்டு விரல் அகலம் வாசல் விட்டோம். கையுறை போட்ட விரலும் நுழைய வேண்டுமே.

கதவு: வாசலை மூடும் பகுதி. இது உள்பக்கம் மட்டும்தான் திறக்க வேண்டும். உள்ளே மாட்டிய கயிறு வெளியே இழுக்கும்போது கதவு மூக்கில் போய் இன்னும் இறுக்கமாக அழுந்தும். வெளியே திறந்தால் இழுத்த இழுப்பில் பிய்த்துக்கொண்டு போகும்.

மூக்கு: கதவு வந்து முட்டும் முனை. சின்னதாக ஒரு கொக்கி போல் வளைத்து, பிசிறு இல்லாமல் அரத்தால் ராவினோம்.

முதல் கொக்கியில் கதவையும் 6 மி.மீ. கம்பியிலேயே செய்து, பேனா ஸ்பிரிங் வைத்தேன். வேப்பமரக் கிளையில் கயிறு கட்டி, கீழே யாரும் வராமல் தம்பியைக் காவல் வைத்து, ஸ்பானரை மாட்டி அப்பா விழவிட்டார். 20 தடவையில் 4 தடவை கதவு தானே திறந்து ஸ்பானர் மண்ணில் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏன் திறந்தது? பத்தாம் வகுப்பு அக்கா ஒருவரின் புத்தகத்தில் நிலைமம் பற்றிப் படித்ததும் புரிந்தது. செக்போஸ்ட்டில் பஸ் டக்கென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோம் இல்லையா? அதேபோல் கயிறு வெடுக்கென்று இழுத்ததும் கொக்கி நின்றுவிடுகிறது, கனமான கதவு நிற்காமல் போய்த் திறந்துகொள்கிறது. பேனா ஸ்பிரிங்கால் அதைப் பிடித்து வைக்க முடியவில்லை.

அதனால் கதவின் கனத்தைக் குறைத்தேன். பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி, சுமார் 2 மி.மீ. தடிமன். கட்டுக்கம்பியை வளைத்தால் வளைந்தபடியே இருக்கும். போக்ஸ் கம்பி திரும்பி வரும், மீள்தன்மை அதிகம். அதை 'ப' போல் வளைத்து இரண்டு முனைகளையும் உடம்பில் இரண்டு துளைகளில் செருகினோம். ஒரு துளை மேலே, ஒரு துளை கொஞ்சம் கீழே. இதில்தான் விஷயமே இருக்கிறது. கதவைத் தள்ளும்போது இரண்டு காலும் வேறு வேறு மையத்தில் சுழலப் பார்க்கும், கம்பி முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய கம்பி பழைய இடத்துக்கு வரத் துடிக்கும். தனியாக ஸ்பிரிங்கே வேண்டாம், கதவுதான் ஸ்பிரிங்! கடையில் விற்கும் கம்பிக் கதவு காரபினரும் இப்படித்தான் வேலை செய்கிறது.

20 தடவை விழவிட்டோம். ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

ஆய்வகத்தில் சுருள்வில் தராசை மாட்டி, கதவைத் திறக்க எவ்வளவு இழுக்க வேண்டும் என்று பார்த்தேன். 300 கிராமுக்கே திறந்தால் சட்டை உரசினாலே திறக்கும். 2 கிலோவுக்குமேல் போனால் விரல் வலிக்கிறது, எரிச்சலில் மாட்டாமலே விட்டுவிடுவார்கள். ஒரு கிலோ அளவு சரியாக இருந்தது.

இன்னொரு ஆபத்து

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்பா கொக்கியை இரும்புக் கட்டில் சட்டத்தில் தேய்த்துக் காட்டினார். கதவு சட்டத்தில் பட்டு உள்ளே தள்ளப்பட்டுத் திறந்தது. 10-ல் 3 தடவை! மேலே குனிந்து நிமிரும்போது இப்படி நடக்குமாம்.

மலை ஏறுபவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இரண்டு கொக்கிகளை ஒன்றாக, கதவுகள் எதிரெதிராக இருக்கும்படி மாட்டுவது. ஒன்று உரசித் திறந்தாலும் இன்னொன்று மூடியிருக்கும். அப்படி மாட்டித் தேய்த்தோம், 10-லும் விழவில்லை. கடைக் கொக்கிகளில் திருகுப் பூட்டு இருக்கும். ஆளே தொங்கும் பெல்ட் கொக்கிக்கான ஐரோப்பியத் தர விதி ஈ.என். 362, கதவு தானாக மூட வேண்டும், குறைந்தது இரண்டு செயல் அடுத்தடுத்துச் செய்தால்தான் திறக்க வேண்டும் என்கிறது. தெரியாமல் ஒரு தடவை கை படலாம், இரண்டு விதமாகப் படுமா?

கயிறும் முக்கியம்

ஸ்பானர் ஒரு மீட்டர் விழுந்து, நீளாத கயிற்றில் 2 செ.மீ. தூரத்தில் நின்றால், சராசரி இழுப்பு சுமார் 20 கிலோ எடைக்குச் சமம். அதுவே 20 செ.மீ. நீளும் கயிறு என்றால் இரண்டரை கிலோவுக்கும் குறைவு. அதனால்தான் கருவி கட்டும் கயிற்றுக்குள் ரப்பர் வைக்கிறார்கள். கனமான ட்ரில்லிங் மெஷினை இடுப்பில் கட்டவே கூடாது, ஆளையே இழுத்துவிடும். கட்டடத்தின் இரும்புச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும்.

கடைசியாக

என் கொக்கியை அப்பா மேஸ்திரியிடம் காட்டினார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாப்பா நல்லாத்தான் செஞ்சிருக்கு. ஆனா சைட்டுக்கு இது வேணாம், எடை தாங்குற அளவு பொறிச்சு, சோதிச்சு வித்ததத்தான் மாட்டணும்" என்றாராம். எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் 20 தடவைதான் சோதித்தேன், அதுவும் 400 கிராமுக்கு மட்டும். 2018-இல் அமெரிக்காவில் கருவி கட்டும் கயிறு, கொக்கிகளுக்கு என்றே தனியாகத் தர விதி வந்திருக்கிறது. ஆகவே தோழர்களே, இதைப் பார்த்துச் செய்யும் கொக்கியில் யாரும் தொங்காதீர்கள், ஊஞ்சலும் கட்டாதீர்கள்!

ஆனால் மேஸ்திரி சும்மா போகவில்லை. அவர் ஆட்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கு இரண்டு கருவிக் கயிறு வாங்கிக் கொடுத்தார். வேலை நடக்கும்போது கீழே கயிறு கட்டி ஆள் போகாமல் மறிக்கவும் ஏற்பாடு செய்தார். ஒடிசா அண்ணன் இப்போது திரும்ப வேலைக்கு வந்துவிட்டார். கொக்கி மாட்டும்போது கேட்கும் 'டிக்' சத்தத்துக்கு மட்டும் எங்கள் ஷெட்டில் எல்லா பாஷைக்காரர்களுக்கும் ஒரே அர்த்தம் என்று அப்பா சொல்கிறார்.

என் கொக்கி எங்கே என்று கேட்கிறீர்களா? எங்கள் கிணற்று வாளியில் இருக்கிறது. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை வாளி கழன்று உள்ளே விழும், அம்மா பக்கத்துத் தெருவுக்குப் பாதாளக் கரண்டி இரவல் கேட்டுப் போவார்கள். இந்த மூன்று மாதமாகப் போகவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது உயரத்தில் வேலை செய்தால் இன்று சாயங்காலம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஸ்பானரை எதில் மாட்டியிருக்கீங்க?"



— ஒன்பதாம் வகுப்பு மாணவி