இரு நாடுகளின் மரக்கூழ் வாணிகம்

கல்வி வளர வளரக் காகிதத்தின் தேவையும் வளரும். அக்காகிதத்திற்கு மூலப்பொருளாவது மரக்கூழ். மரத்தை அரைத்தோ, இரசாயன நீரில் வேகவைத்தோ நாரைப் பிரித்தெடுத்தால் கூழ் கிடைக்கும். போதிய மரம் இல்லாத நாடுகள் இதனைக் கடல் கடந்து வாங்குகின்றன. அவற்றுள் பிரிட்டன், சீனா ஆகிய இரண்டனையும் ஒப்பிட்டு நோக்குவது பயன் தரும்.

பிரிட்டனில் முற்காலத்தில் கந்தல் துணியிலிருந்தே காகிதம் செய்தனர். 1861ஆம் ஆண்டில் காகித வரி நீங்கியது. செய்தித்தாள்கள் பெருகின, கந்தல் போதவில்லை. ஸ்பெயினிலும் வட ஆப்பிரிக்காவிலும் விளைந்த எஸ்பார்டோ என்னும் புல் கப்பல்களில் வந்து இறங்கிற்று. அதுவும் போதாமையால், காட்டுவளம் மிக்க நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் மரக்கூழை ஆலைகள் நாடின. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், உலகில் மரக்கூழை மிகுதியாக வாங்கிய நாடுகளுள் பிரிட்டனும் ஒன்றாக விளங்கிற்று.

பிற நாட்டை நம்பியிருப்பதன் இடர் போர்க்காலத்தில் வெளிப்பட்டது. 1940ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மானியப் படை நார்வேயில் புகுந்தது. அதனால் வடநாட்டுக் கூழின் வரவு தடைப்பட்டது. நாளிதழ்கள் பல நான்கு பக்கங்களாகச் சுருங்கின. மக்கள் பழைய தாள்களைத் திரட்டித் தந்தனர். ஆலைகள் வைக்கோலையும் கூழாக்கின.

சீனாவின் வரலாறு வேறு. காகிதத்தின் தாயகமே அந்நாடு. கி.பி. 105இல் சாய் லுன் என்பவர் மரப்பட்டை, சணல், கந்தல், மீன்வலை ஆகியவற்றால் செய்த காகிதத்தைப் பேரரசரிடம் அளித்தார் என்று சீன வரலாறு கூறும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் வைக்கோல், நாணல், மூங்கில் ஆகியவை அங்குப் பெரிதும் பயன்பட்டன. ஆனால் சிற்றாலைகளின் கழிவுநீர் ஆறுகளைக் கெடுத்தது. 1996இல் ஹுவாய் ஆற்றுப் பகுதியிலிருந்த சிற்றாலைகள் பலவற்றை அரசு மூடியது. 1998இல் யாங்சி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைத்தது. காடழிந்ததும் அதற்கு ஒரு காரணம் எனக் கருதிய அரசு, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடுக்க முற்பட்டது.

எனவே, பெருகிவந்த ஆலைகளுக்குப் பிரேசில், சிலி, இந்தோனேசியா, கனடா முதலிய நாடுகளின் கூழ் தேவையாயிற்று. 2000ஆம் ஆண்டில் 40 இலட்சம் டன்னை எட்டாதிருந்த சீனாவின் மரக்கூழ் இறக்குமதி, 2020இல் ஏறத்தாழ 3 கோடி டன்னாக உயர்ந்தது.

பிரிட்டனிலோ கூழ் இறக்குமதி தளர்ந்தது. 1960இல் அந்நாடு நார்வே, சுவீடன் முதலியவற்றோடு தடையிலா வாணிக உடன்பாடு செய்துகொண்டது. காகிதத்தின் மீதிருந்த சுங்கவரி படிப்படியாக நீங்கியது. கூழ் செய்யும் இடத்திலேயே காகிதமும் செய்தால் செலவு குறையும். ஆகவே வடநாட்டுக் காகிதத்தோடு போட்டியிட இயலாமல் பிரிட்டனின் ஆலைகள் பல மூடப்பட்டன. எஞ்சிய ஆலைகளுள் பல, பழைய தாளையே மூலப்பொருளாகக் கொண்டன.

பிரிட்டனின் கூழ் இறக்குமதி குறைந்தது அதன் காடுகள் பெருகியதனால் அன்று. கூழுக்கு மாறாகக் காகிதத்தையே வாங்கியதனால் ஆகும். சீனாவின் இறக்குமதி மிகுந்தது தொழில் தளர்ந்ததனால் அன்று. தொழில் வளர்ந்ததனால் ஆகும். ஆயினும், தன் காட்டைக் காக்க முனைந்த அந்நாடு பிற நாட்டு மரத்தை நம்ப வேண்டியதாயிற்று. ஆதலின் வாணிகக் கணக்கை ஆராய்வோர் அளவை மட்டும் கண்டு முடிவு கூறுதல் தகாது. அவ்வளவு கூடியதும் குறைந்ததும் எதனால் என்பதையும் தெளிதல் வேண்டும்.