யூதா நின்ற பிணை



யாக்கோபின் மக்கள் பன்னிருவர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருபவன் யோசேப்பு ஒருவனே. உடன்பிறந்தாரால் விற்கப்பட்டு, சிறையிலிருந்து உயர்ந்து, எகிப்தின் அதிபதியான அவன் கதையைக் கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் அறிவர். ஆனால் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தவன் அவனல்லன். அவனை விற்க யோசனை சொன்ன நான்காம் மகன் யூதா.

ஆதியாகமம் 37-ஆம் அதிகாரத்தில், குழியில் கிடக்கும் தம்பிக்கு வயது 17. அவனைக் கொல்வதால் இலாபம் என்ன, விற்றுவிடலாம் என்கிறான் யூதா. 20 வெள்ளிக்காசுக்கு வியாபாரம் முடிகிறது. கொலையைத் தடுத்தானே என்று அவனைப் பாராட்டுவாரும் உண்டு. என்னால் அது முடியாது. ஏனெனில் அந்தத் தந்திரத்தை நானே செய்தவன். சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் விலையுயர்ந்த கண்ணாடிக் கருவி ஒன்று என் கவனக்குறைவால் உடைந்தது. பழியோ உடனிருந்த இளைய மாணவன்மேல் விழுந்தது. செலவை மூவரும் பகிர்ந்துகொள்வோம் என்று பெருந்தன்மையோடு சொன்னேன். உடைத்தவன் நான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

யூதா மாறத் தொடங்கிய இடம் 38-ஆம் அதிகாரம். நம் சபைகளில் அதிகம் வாசிக்கப்படாத பகுதி அது. விதவையான மருமகள் தாமாருக்குச் சேரவேண்டிய நியாயத்தை அவன் மறுத்தான். பின்னர் அவளையே சுட்டெரிக்கத் தீர்ப்பளித்தான். அவளோ அவன் அடைமானமாகக் கொடுத்திருந்த முத்திரை மோதிரத்தையும் கோலையும் அனுப்பி, இவை யாருடையவை என்று பார்க்கச் சொன்னாள். இரத்தம் தோய்ந்த அங்கியைத் தந்தையிடம் காட்டியபோது சகோதரர் சொன்னதும் எபிரெயத்தில் இதே சொல்தான். அவள் தன்னைவிட நீதியுள்ளவள் என்று யூதா ஒப்புக்கொண்டான்.

பஞ்சம் வந்தது. பென்யமீனை அழைத்துவராவிட்டால் தானியம் இல்லை என்றான் எகிப்தின் அதிபதி. மூத்தவன் ரூபன் தந்தையிடம், தம்பியைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரு பிள்ளைகளையும் கொன்றுவிடும் என்றான். பேரப்பிள்ளைகளைக் கொன்று எந்தப் பாட்டன் ஆறுதல் அடைவான்? யாக்கோபு அசையவில்லை. யூதாவோ தன்னையே பிணையாக வைத்தான். தந்தை இசைந்தார். தாமாரின் கதையில் வரும் அடைமானமும் இந்தப் பிணையும் எபிரெயத்தில் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள்.

இனி 44-ஆம் அதிகாரம். வெள்ளிப் பாத்திரம் பென்யமீனின் சாக்கில் அகப்பட்டது. அவன் மட்டும் அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் சமாதானமாகப் போகலாம் என்பது தீர்ப்பு. யோசேப்பு விற்கப்பட்டு ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்குப் பின் அதே சோதனை! ராகேலின் மற்றொரு மகன், தந்தைக்குச் செல்லமானவன், அவன் அடிமையானால் மற்றவர்க்கு விடுதலை. இம்முறை யாரையும் விற்கக்கூட வேண்டியதில்லை; வாய்மூடி வீடு திரும்பினால் போதும்.

யூதா அருகே சென்று பேசுகிறான். அப்பேச்சில் ‘தந்தை’ என்ற சொல் எபிரெய மூலத்தில் 14 முறை வருகிறது. அதனினும் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. தம் மனைவி தமக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று யாக்கோபு சொன்னதை அவன் எடுத்துரைக்கிறான். அந்த மனைவி ராகேல். யூதா லேயாளின் மகன். அவன் தாயும் மனைவிதானே? அவள் பெற்ற அறுவரும் பிள்ளைகள்தாமே? ஆனாலும் அச்சொல்லை வருத்தமின்றித் தன் வாயால் திருப்பிச் சொல்லி, அந்தத் தந்தைக்காகவே தம்பிக்குப் பதில் தான் அடிமையாகிறேன் என்கிறான். தந்தையின் ஓரவஞ்சனை நீங்கிவிடவில்லை. அதைத் தாங்கும் மகன்தான் மாறியிருக்கிறான். அதற்குமேல் யோசேப்பால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

விடுதி அறையில் இப்பகுதியைப் படித்த மறுநாள் நான் ஆசிரியரைச் சென்று கண்டேன். அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

எபிரெயர் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில் 14-ஆம் வசனம், நம் ஆண்டவர் யூதா கோத்திரத்தில் தோன்றினார் என்கிறது. எட்டு வசனம் தள்ளி அவரைப் பிணையாளி என்கிறது. அவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்குக் கற்றுத்தந்தவன் ஆதியாகமத்து யூதாதான்.

சாலொமோனுக்குப் பின் இராச்சியம் இரண்டாகப் பிளந்தபோது வடகோத்திரங்கள் பிரிந்து போயின. அன்று யூதாவோடு நின்றது பென்யமீன் கோத்திரம். தாமும் அக்கோத்திரத்தாரே என்று உரோமருக்கும் பிலிப்பியருக்கும் எழுதிய நிருபங்களில் பவுல் குறிப்பிடுகிறார்.