ஐ.க்யூ. 100 என்றால் நூற்றுக்கு நூறா?

நம்பிக்கை: ஐ.க்யூ. (அறிவுத்திறன் ஈவு) பிறவியிலேயே அமைந்துவிடும், பிறகு மாறாது.

உண்மை: அறிவுத்திறன் சோதனையை முதலில் உருவாக்கியவரே அப்படி நினைக்கவில்லை. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனிக் கவனத்துடன் கற்பிக்க வழி தேடி, 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தத் தேவைக்காக உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும் 1905இல் 30 பணிகள் கொண்ட சோதனையை வெளியிட்டார்கள். அறிவுத்திறன் வளராது என்று கைகழுவும் போக்கை 1909இல் வந்த தன் நூலில் பினே கடுமையாகக் கண்டித்தார். பயிற்சியால் வளரும் என்றே வாதிட்டார். 1911இல் அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை (எந்த வயதுக் குழந்தைகளின் அளவுக்கு விடையளிக்கிறது என்பதை) உண்மை வயதால் வகுத்து ஓர் ஈவு கண்டார். 1916இல் அதை 100ஆல் பெருக்கிப் பரப்பிய அமெரிக்கர் லூயிஸ் டெர்மன், அறிவைப் பெரும்பாலும் பரம்பரைச் சொத்தாகவே பார்த்தார். குழந்தைக்குக் கைகொடுக்க வந்த கருவி, முத்திரை குத்தும் கருவியாக மாறியது பெரும் அநியாயம்.

20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி ஐ.க்யூ. பத்தாண்டுக்குச் சுமார் 3 புள்ளிகள் உயர்ந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃப்ளின் காட்டினார். மரபணு இவ்வளவு வேகமாக மாறாது. பள்ளிப் படிப்பு, ஊட்டச்சத்து, வாழ்க்கைச் சூழல் என்று வேறு காரணங்களைத்தான் தேட வேண்டும்.

நம்பிக்கை: 100 வாங்கினால் முழு மதிப்பெண்.

உண்மை: ஒரே வயதுக்காரர்களின் சராசரிதான் 100. மூன்றில் இரண்டு பங்கினர் 85க்கும் 115க்கும் நடுவில் இருப்பார்கள். அதே குழந்தையை மறுமுறை சோதித்தால் சில புள்ளிகள் ஏறும், இறங்கும்.

நம்பிக்கை: செல்போனில் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

உண்மை: பயிற்சி பெற்ற உளவியலாளர் குழந்தையின் எதிரே உட்கார்ந்து, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சோதிப்பார். வண்ணக் கட்டைகளை அடுக்கச் சொல்வார். எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்வார். விடையோடு, குழந்தை எங்கே தயங்குகிறது, எப்போது சோர்கிறது என்பதையும் கவனிப்பார். பயமும் தூக்கமின்மையும் பழக்கமில்லாத மொழியும் மதிப்பைக் குறைத்துவிடும். மொழி அவ்வளவு முக்கியம் என்பதால்தான் 1930களில் வி.வி. காமத் பினே சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்றபடி மாற்றியமைத்தார். பினே-காமத் சோதனை இந்தியாவில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அறிவுசார் குறைபாடு உண்டா என்று முடிவுசெய்ய இந்த எண் மட்டும் போதாது. உடுத்துவது, பேசிப் பழகுவது, காசு கொடுத்துப் பொருள் வாங்குவது போன்ற அன்றாடத் திறன்களையும் பார்த்தாக வேண்டும். அறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோரே, “எவ்வளவு வந்திருக்கிறது?” என்பதோடு நிறுத்தாமல், “எதில் சிரமப்படுகிறாள், அதற்கு நாங்கள் என்ன செய்யலாம்?” என்றும் உளவியலாளரிடம் கேளுங்கள்.